குமரி மாவட்டத்தில் பேரிடர்க் காலத் தகவல் தொடர்பு: ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனையை ஒட்டிக் கடந்தபோது மாவட்டம் முழுவதும் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. செல்பேசிக் கோபுரம் சேவையை இழக்க, அது காற்றில் சாய வேண்டும் என்பதில்லை. பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகும் சாலையில் நான்கு ரப்பர் மரங்கள் குறுக்கே கிடந்தாலே போதும். 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்த பெருமழையின்போது, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும். இத்தகைய நேரங்களில் ஒரு பேட்டரி, ஒரு கம்பி, ஒரு ரேடியோ ஆகிய மூன்றை மட்டும் நம்பிச் செய்தி கடத்தக்கூடியவர்கள், அரசு உரிமம் பெற்று ஆர்வத்துக்காக ரேடியோ இயக்கும் அமெச்சூர் ரேடியோ நிலையத்தார், வழக்கில் ஹாம்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, வானொலிப் பயணமாக அந்தமான் சென்று போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும், தீவுகளுக்கும் நாட்டின் பிற பகுதிகளுக்கும் இடையே தகவல் கடத்தியது இந்திய ஹாம்கள் இன்றும் எடுத்துச் சொல்லும் நிகழ்வு. அன்று அவர்களிடம் உரிமமும் ஆன்டெனாவும் அனுபவமும் ஏற்கெனவே தயாராக இருந்தன. புயல் எச்சரிக்கை வந்த பிறகு வாக்கி-டாக்கி வாங்க ஓடுபவரால் எவருக்கும் பயனில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேடியோவில் பேசுவது இந்தப் பணியில் எளிய பாதி. சொன்னவர் சொன்னதை மாற்றாமல் எழுதி, உரியவரின் கையில் சேர்ப்பதும், அரசு அலுவலர்கள் நம்பிச் செய்தி கொடுக்கும் அளவுக்கு முன்பே அறிமுகமாகியிருப்பதும் கடினமான பாதி. கீழே உள்ளவை இரண்டு பாதிகளுக்கும் பொருந்தும்.

முதல் படி: கேட்கத் தொடங்குதல்

உரிமம் வருவதற்கு முன்பே செய்யக்கூடியது கேட்பது. இணையத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ள வெப் எஸ்.டி.ஆர். ஏற்பிகள் வழியே காலை நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியைத் திறந்தால், தென்னிந்திய ஹாம்கள் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பேசுவதைக் கேட்கலாம். அவர்கள் தங்கள் அழைப்புக்குறியை (உரிமத்துடன் ஒவ்வொரு நிலையத்துக்கும் தரப்படும் அடையாளக் குறி) எப்படிச் சொல்கிறார்கள், ஒருவர் முடித்தபின் அடுத்தவர் எவ்வளவு இடைவெளி விடுகிறார், இரைச்சலில் ஒரு பெயரை எப்படி எழுத்துக்கூட்டுகிறார் என்பதைக் கவனியுங்கள். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று செல்லும் ஒலிப்பெயர் வரிசையும், கியூ.டி.எச். என்றால் இருப்பிடம், கியூ.எஸ்.எல். என்றால் பெற்றுக்கொண்டேன், கியூ.ஆர்.எம். என்றால் பிறர் குறுக்கீடு என்பன போன்ற குறிகளும் மனப்பாடம் செய்யாமலேயே காதில் படியும். தேர்விலும் இவை வரும்.

இரண்டாம் படி: தேர்வும் உரிமமும்

இந்தியாவில் அமெச்சூர் நிலைய உரிமத்தை வழங்குவது தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள டபிள்யூ.பி.சி. (வயர்லெஸ் பிளானிங் அண்டு கோஆர்டினேஷன்) பிரிவு. 12 வயது நிறைந்த இந்தியக் குடிமகன் எவரும் தேர்வு எழுதலாம். ‘சரள் சஞ்சார்’ இணையதளத்தில் விண்ணப்பித்து, அத்துறையின் ரேடியோ கண்காணிப்பு நிலையங்கள் நடத்தும் தேர்வை எழுத வேண்டும்; நாகர்கோவில்காரருக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம் என்பதால், விண்ணப்பிக்கும்போதே அங்கு அடுத்த தேர்வு எப்போது என்று பாருங்கள்.

தேர்வு இரண்டு நிலைகளில் உள்ளது. ரெஸ்ட்ரிக்டட் நிலையில் தேறுவோருக்கு வி.யு.3 என்றும் ஜெனரல் நிலையில் தேறுவோருக்கு வி.யு.2 என்றும் தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். ஜெனரல் நிலைக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமான ஒலிக்குறி) தேர்ச்சி தேவை. ரெஸ்ட்ரிக்டட் நிலைக்குத் தேவையில்லை. அனுமதிக்கப்படும் மின்திறனும் முதல் நிலையில் குறைவு. பேரிடர்ப் பணிக்கு அந்தக் குறைந்த திறனே பெரும்பாலும் போதும் என்பதால், மோர்ஸ் கற்றுக்கொண்டுதான் வருவேன் என்று தள்ளிப்போடாமல் முதல் நிலையை எழுதிவிடுவதே நல்லது. வினாத்தாளில் ஒரு பகுதி ஓம் விதி, மின்தேக்கி, ஒலிபரப்பி, ஏற்பி, அலைப் பரவல் என்று பத்தாம் வகுப்பு இயற்பியலைச் சற்றுத் தாண்டிப் போகும். மறு பகுதி விதிமுறைகள். உரிமத்தை 20 ஆண்டுகளுக்கோ வாழ்நாளுக்கோ பெறலாம். கட்டணத்தையும் படிவத்தையும் விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமம் கைக்கு வரும்வரை ஒலிபரப்புக் கருவி வாங்க வேண்டாம். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைத்த வாக்கி-டாக்கியை வாங்கிவிட்டு, பிறகு சட்டச் சிக்கலில் மாட்டியவர்கள் உண்டு.

மூன்றாம் படி: இந்த நிலப்பரப்புக்கு ஏற்ற ரேடியோ

புதியவர்கள் பொதுவாக முதலில் கேட்பது, ‘எந்த மாடல் வாங்கலாம்?’ என்பதுதான். அதைவிட முதன்மையான கேள்வி, ‘எங்கிருந்து எங்கே பேச வேண்டும்?’ என்பது. குமரி மாவட்டம் சிறியது. ஆனால் ஒரு பக்கம் சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை, மறுபக்கம் பேச்சிப்பாறை, கோதையாறு வரை ஏறும் மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவில் வேளிமலை போன்ற தடுப்புகள் என்று ரேடியோ அலைக்குச் சுலபமான நிலமல்ல.

இந்தியாவில் ஹாம்களுக்கு உள்ள 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் பகுதியில் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். தரையிலிருந்து ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், அந்த ஆன்டெனாவின் ரேடியோ தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாகத் தெரியும். ஒன்பது மீட்டர் உயர மொட்டைமாடிக்கு அது 12 கிலோமீட்டர் சொச்சம். எதிர்முனையும் அதே உயரத்தில் இருந்தால் இரண்டையும் கூட்டி 25 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாகர்கோவிலிலிருந்து தூத்தூர் நேர்கோட்டிலேயே சுமார் 30 கிலோமீட்டர். ஆகவே மாடியிலிருந்து மாடிக்கு நேரடியாகப் பேசுவது உறுதியில்லை. தக்கலை அல்லது மார்த்தாண்டம் பக்கம் மேட்டில் ஒரு நிலையம் இடையில் நின்று செய்தியை வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். கையில் பிடிக்கும் ஐந்து வாட் ஹேண்டியுடன் கடற்கரை மணலில் நிற்பவருக்குச் சில கிலோமீட்டர் தாண்டினாலே சிரமம். மலைமேல் நிறுவிய ரிப்பீட்டர் (கேட்டதை உடனே மீண்டும் ஒலிபரப்பும் தானியங்கி நிலையம்) கிடைத்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். ஆனால் ரிப்பீட்டருக்கும் மின்சாரம் வேண்டும், அதன் மீதும் இடி விழும். எனவே ரிப்பீட்டர் இல்லாமல் சிம்ப்ளக்ஸ் முறையில் எந்த ஊரிலிருந்து எந்த ஊர் கேட்கிறது என்று, வெயில் அடிக்கும் நாளிலேயே சோதித்து ஒரு வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என் பார்வையில் ஒரு புதியவர் தன் குழுவுக்குத் தரக்கூடிய மிக மதிப்புள்ள பொருள் அந்த வரைபடம்தான்.

பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காணி மக்களின் குடியிருப்புகள் போன்ற இடங்களுக்கு இரண்டு மீட்டர் அலை பெரும்பாலும் எட்டாது. அங்கே 40 மீட்டர் பகுதி, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ், கைகொடுக்கும். ஆன்டெனாவை உயரமாகக் கட்டாமல் வேண்டுமென்றே தாழ்வாக, மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை செங்குத்தாக மேலே சென்று, அயனிமண்டலத்தில் பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குள் மழைபோல் இறங்கும். நடுவில் எந்த மலை நின்றாலும் கவலையில்லை. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கான இருமுனை ஆன்டெனா என்பது பக்கத்துக்குப் பத்து மீட்டராக இரண்டு செம்புக் கம்பிகள்தான். இரண்டு தென்னைகளுக்கு இடையே நைலான் கயிற்றால் இழுத்துக் கட்ட இங்கே எந்த வீட்டில் இடமில்லை? இரவில் இந்தப் பகுதி அருகிலுள்ளவர்களைக் கைவிட்டுத் தொலைவுக்குத் தாவுவதுண்டு. அப்போது 80 மீட்டர் பகுதிக்கு இறங்க வேண்டும் என்பதால் அதற்கான கம்பியும் கைவசம் இருக்கட்டும்.

கம்பி கட்டும்போது மின்வாரியக் கம்பிக்கு அருகில் போகவே கூடாது. கயிறு அறுந்தால் ஆன்டெனா எங்கே விழும் என்று முதலில் பாருங்கள். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இங்கே இடி கடுமையானது. இடி கேட்டால் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். அவ்வளவு நேரம் நிலையம் மௌனமாக இருப்பதில் தவறில்லை.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு பகை உப்புக்காற்று. இணைப்பியின் வாயைத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இறுக்கிச் சுற்றி, அதன் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப்பையும் சுற்ற வேண்டும். இதைச் செய்யாத கேபிளை ஓராண்டு கழித்து வெட்டிப் பார்த்தால், உள்ளே பளபளப்பாக இருந்த செம்புப் பின்னல் கறுத்து, நகத்தால் சுரண்டினால் பச்சைப் பொடியாக உதிரும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திறன் திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) அளவு மாறுவது ஓர் அறிகுறி. மாதம் ஒருமுறை அதை அளந்து, தேதியுடன் எழுதி வையுங்கள்.

நான்காம் படி: பேட்டரிக் கணக்கு

வாகனத்தில் பொருத்தும் வகை ரேடியோ 50 வாட்டில் பேசும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். கேட்கும்போது அரை ஆம்பியர் அளவே. பத்தில் ஒரு பங்கு நேரம் பேசி மீதி நேரம் கேட்டால் சராசரி ஒன்றரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 20 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி அந்த வேகத்தில் 13 மணி நேரம் போல் தாங்கும். அதே ரேடியோவைப் பத்து வாட்டுக்குக் குறைத்தால் ஏறத்தாழ ஒரு முழு நாள். எதிர்முனைக்குக் கேட்கும் அளவுக்கு மேல் ஒரு வாட்கூட அனுப்பாதீர்கள். முதலில் கையில் இருக்கும் பணத்தை விலை உயர்ந்த ரேடியோவில் போடாமல், சாதாரண ரேடியோவும் நல்ல ஆன்டெனாவும் இரண்டாவது பேட்டரியும் வாங்குவதே புத்திசாலித்தனம். சூரியத் தகடு உதவும். ஆனால் இங்கே பேரிடர் வருவதே பெரும்பாலும் மேகம் மூடிய நாட்களில் என்பதை மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: செய்தியை எழுதும் பழக்கம்

பேரிடர்ச் செய்தி வாய்மொழியாக வந்து வாய்மொழியாகப் போனால் வழியில் வேறாகிவிடும். எனவே ஒரு படிவம் வைத்துக்கொள்ளுங்கள்: செய்தி எண், முன்னுரிமை, நேரம், அனுப்புபவரின் பெயரும் பதவியும், பெறுபவரின் பதவி, செய்தி, பெற்றவரின் கையெழுத்து. நேரத்தை 24 மணி முறையில் இந்திய நேரமாகவே எழுதுங்கள். பயிற்சியில் பயன்படுத்தத்தக்க ஒரு மாதிரி இது:

பயிற்சிச் செய்தி. எண் 7. அவசரம். நேரம் 05.40. அனுப்புபவர் கிராம நிர்வாக அலுவலர். பெறுபவர் வட்டாட்சியர். பள்ளி முகாமில் 120 பேர். குடிநீர் இல்லை. இன்சுலின் தேவைப்படுவோர் 3 பேர். சாலையில் மரம் விழுந்துள்ளது, ஜீப் வராது, இரு சக்கர வாகனம் வரும். பயிற்சிச் செய்தி முடிந்தது.

இதில் சாலையைப் பற்றிய வரியைத்தான் பலரும் எழுத மறப்பார்கள். மருந்தைக் கொண்டுவருபவருக்கு அதுவே முதலில் தேவை. செய்தி கொடுப்பவர் அதைச் சொல்லாவிட்டால் கேட்டு வாங்கலாம். ஆனால் அவர் சொன்னதை உங்கள் விருப்பப்படி திருத்தவோ, ‘சுமார்’ என்று சேர்க்கவோ கூடாது.

எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். அறுபது, எழுபது, எண்பது மூன்றும் இரைச்சலில் ஒன்றுபோலவே ஒலிக்கும். ‘ஏழு, பூஜ்யம்’ என்றால் குழப்பமில்லை. ஊர்ப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். புத்தன்துறை என்று மட்டும் சொன்னால் ராஜாக்கமங்கலம் பக்கத்துப் புத்தன்துறையா, தூத்தூர் பக்கத்து இரவிபுத்தன்துறையா என்று மறுமுனையில் தெரியாது. மணக்குடி என்றால் கீழமணக்குடியா மேலமணக்குடியா? நடுவில் பழையாற்றின் கழிமுகம். இரண்டையும் இணைத்த பாலத்தை 2004 சுனாமி அடித்துச் சென்றபோது, எதிர்க்கரையில் இருந்த ஊர் திடீரென்று வெகுதொலைவாகிவிட்டது. ஊர்ப் பெயருடன் வட்டத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லும் பழக்கம் இருந்தால் ஆம்புலன்ஸ் தவறான கரைக்குப் போகாது.

பெற்ற செய்தியை முழுவதுமாகத் திருப்பிப் படித்துக் காட்டிய பிறகே கியூ.எஸ்.எல். சொல்ல வேண்டும். ஹாம் அலைவரிசையில் மறைகுறியீடு கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆதலால் இறந்தவர்களின் பெயரையும் காணாமல் போனவர்களின் பெயரையும் காற்றில் சொல்லாதீர்கள். கடலுக்குப் போனவர் பற்றிய தவறான ஒரு வார்த்தை ஒரு மணி நேரத்தில் எத்தனை வீட்டில் அழுகையை எழுப்பும் என்பது ஒக்கி நாட்களைக் கண்ட எந்தக் கடற்கரை ஊருக்கும் தெரியும்.

ஆறாம் படி: நெட்டில் நடந்துகொள்ளும் முறை

பல நிலையங்கள் ஒரே அலைவரிசையில் கூடும்போது அதை நெட் என்பார்கள்; யார் எப்போது பேசுவது என்று தீர்மானிப்பவர் நெட் கண்ட்ரோல். அவர் அழைக்கும்வரை காத்திருங்கள். பிடிடி பொத்தானை (பேசும்போது அழுத்திப் பிடிக்கும் பொத்தான்) அழுத்தி ஒரு விநாடி கழித்துப் பேசுங்கள். முதல் சொல் வெட்டுப்படாது. செய்தி இல்லையென்றால், ‘செய்தி இல்லை, காத்திருக்கிறேன்’ என்பது போதும். பேரிடர் நேரத்தில் அலைவரிசையை அதிகம் அடைப்பது புயல் இரைச்சல் அல்ல, ‘நானும் இருக்கிறேன்’ என்று நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும் ஆர்வலர்கள்தான். வெளி மாநில நிலையங்களைத் தேட வேண்டி வந்தால், நம் வட்டாரத்தில் அவசர நிலையங்கள் கூடும் மையங்களாகச் சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியம் குறித்திருக்கும் 7,110, 14,300 கிலோஹெர்ட்ஸ் இரண்டிலும் காது வையுங்கள். சாதாரண நாட்களிலும் அவற்றின் மேல் அரட்டை வேண்டாம்.

ஏழாம் படி: நிர்வாகத்துடன் முன்கூட்டியே அறிமுகம்

இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்திய அமெச்சூர் விதிகளின்படி ஒரு ஹாம் பிறருக்காகச் செய்தி கடத்துவது பொதுவாக அனுமதிக்கப்பட்டதல்ல. வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்ற இயற்கைப் பேரிடர்களில், வழக்கமான தொடர்பு முறிந்திருக்கும்போது, தகுதியுள்ள அரசு அதிகாரியிடமிருந்து வந்து அத்தகைய அதிகாரிக்கே போகும் செய்திகளுக்கு விலக்கு உண்டு. அந்த அதிகாரிகளில் மாவட்ட ஆட்சியரும் அவர் அதிகாரமளிப்பவரும் அடங்குவர். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரும் ஆட்சியரே.

எனவே தனியாகப் போகாமல், உரிமம் பெற்ற நான்கைந்து பேராகச் சேர்ந்து, பருவமழைக்கு முன்பே, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அதில் அழைப்புக்குறிகள், உரிமம் முடியும் தேதி, எந்த ஊர்களிலிருந்து பேச முடியும், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று மட்டும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ‘எதையும் செய்வோம்’ என்று எழுதினால் எவரும் எதற்கும் அழைக்க மாட்டார்கள். ‘நாகர்கோவிலிலிருந்து குளச்சலுக்கு நேரடியாகச் செய்தி கடத்துவோம், சோதித்திருக்கிறோம்’ என்று எழுதினால் கோப்பில் நிற்கும். அலுவலர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆண்டுதோறும் போய்ப் புதியவருக்கு மீண்டும் சொல்ல வேண்டும். அரசு நடத்தும் பேரிடர் ஒத்திகைகளில் இடம் கேளுங்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டார், கிள்ளியூர் ஆகிய ஆறு வட்டாட்சியர் அலுவலகங்களிலும் ஆன்டெனா எங்கே கட்டலாம் என்று அமைதியான நாளில் பார்த்து வைத்திருப்பது பெரும் உதவி.

கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தையையும் ஊர் நிர்வாகத்தினரையும் பார்த்துப் பேசுங்கள். எந்தப் படகு எப்போது போனது, எத்தனை பேர் போனார்கள் என்ற விவரம் முதலில் சேருமிடம் அவர்களிடம்தான். கோயில் ஒலிபெருக்கியும் அவர்கள் கையில். ஆனால் மீனவர்களின் கடல்சார் வி.எச்.எஃப். கருவிகள் வேறு சேவையைச் சேர்ந்தவை, 156.8 மெகாஹெர்ட்ஸிலுள்ள 16ஆம் சேனலில் ஹாம் உரிமத்தை வைத்துக்கொண்டு ஒலிபரப்பக் கூடாது. கடலில் ஆபத்து என்று தெரிந்தால் கடலோரக் காவல்படையின் 1554, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களுக்கே முதல் தகவல் போக வேண்டும். தொலைபேசி இல்லாதபோது அந்தத் தகவலைக் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் ஹாமுக்குச் சேர்ப்பதே நம் வேலை.

எட்டாம் படி: எச்சரிக்கை வந்த நாளில்

வானிலை எச்சரிக்கை வந்ததும் எல்லா பேட்டரிகளையும் நிரப்புங்கள். பெரிய ஆன்டெனாவை இறக்கிவிட்டு, காற்று தணிந்ததும் மீண்டும் ஏற்றக்கூடிய கம்பி ஆன்டெனாவைச் சுருட்டிப் பையில் வையுங்கள். உரிமத்தின் நகல், ஆட்சியர் அலுவலகக் கடிதத்தின் நகல், படிவக் கட்டு, பென்சில் (பேனா மழையில் எழுதாது), டார்ச், குடிநீர், இரண்டு நாள் மருந்து ஆகியவையும் அதே பையில். வீட்டைப் பத்திரப்படுத்தி, வீட்டாருக்கு வேண்டியதைச் செய்த பிறகே கிளம்புங்கள். மனம் வீட்டில் இருப்பவர் எழுதும் செய்தியில் பிழை வரும். அழைப்பில்லாமல் பாதிக்கப்பட்ட இடத்துக்குத் தானாகப் போவதைத் தவிருங்கள். முறைமாற்ற ஆள் இல்லாமல் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் மைக்கில் அமரவும் கூடாது.

தொடர்பு சீரானதும் நெட் கண்ட்ரோலிடம் சொல்லிவிட்டு நிலையத்தை மூடுங்கள். அனுப்பிய, பெற்ற செய்திகளின் படிவங்களை எண் வரிசையில் அடுக்கி ஒரு நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டை உங்களிடமே வைத்திருங்கள். இரண்டு வாரத்துக்குள் குழுவாகக் கூடி, எந்தச் செய்தி தாமதமானது, எந்த ஊர் கேட்கவில்லை என்று பேசி, வரைபடத்தைத் திருத்துங்கள். அதற்கு முன்பாக, வீட்டுக்கு வந்த அன்றே பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள்.